வயசுதான் காரணமா, சத்துக் குறைவா? பெரியவர்களிடம் எப்படிக் கண்டுபிடிப்பது?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. கும்பகோணம் பக்கம் கிராமத்தில் அம்மாவோடு இருக்கிறார். ரொம்ப வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் போடுகிறார். நெஞ்செரிச்சலுக்கு என்று எப்போதோ ஆரம்பித்த பாண்டோபிரசோல் இன்னும் தினமும் காலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சில விஷயங்கள் கண்ணில் பட்டன. செருப்பு காலைவிட்டுக் கழன்றது தெரியாமலே நடந்து போகிறார். கண்ணை மூடி முகத்துக்குச் சோப்புப் போடும்போது தள்ளாடி, வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்கிறார். ரசம்கூட நாக்கில் எரிகிறது என்று மோர் சாதத்தோடு எழுந்துவிடுகிறார். முன்பெல்லாம் கோபமே வராத மனிதர், இப்போது எதற்கெடுத்தாலும் எரிச்சல். மறதியும் கூடியிருக்கிறது.

சர்க்கரை அளவு கட்டுக்குள்தான் இருக்கிறது. உள்ளூர் டாக்டர், "சுகர் நரம்பு, வயசும் ஆச்சு" என்று சொல்லி ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வயசினால் வருவது எது, சத்துக் குறைவால் வருவது எது என்று வீட்டில் இருப்பவர்கள் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? என்ன டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்?

பழைய ஸ்டாஃப் நர்ஸ்:

தம்பி, அரசு மருத்துவமனை வார்டில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் முதலில் நினைவுக்கு வருவது வைட்டமின் பி12. நோயை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்தான். ஆனால் இந்த டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

செருப்பு கழன்றது தெரியாமல் போவது பாதத்தில் உணர்ச்சி குறைவதன் அடையாளம். கண்ணை மூடினால் தள்ளாடுவது இன்னும் முக்கியமானது. கால் எங்கே இருக்கிறது, எப்படி ஊன்றியிருக்கிறது என்று மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புகள் தண்டுவடத்தின் பின்பக்கமாகப் போகின்றன. பி12 குறைந்தால் அந்தப் பாதையின் உறை கெடும். கண் திறந்திருக்கும் வரை பார்வையை வைத்துச் சமாளித்துவிடுவார்கள். கண்ணை மூடினாலோ, இருட்டில் எழுந்து பாத்ரூம் போனாலோ பிடி போய்விடும். பெரியவர்கள் ராத்திரியில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வதற்குப் பின்னால் இதுவும் ஒரு காரணமாக இருப்பதை வார்டில் பார்த்திருக்கிறேன்.

நாக்கைப் பார்த்தீர்களா? பி12 குறைந்தவர்களுக்கு நாக்கின் மேலுள்ள சொரசொரப்பு போய், வழுவழு என்று சிவந்து இருக்கும். காரம், சூடு எதுவும் தாங்காது. நம் நிறத்தவர்களிடம் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கை விரல் முட்டிகளும் உள்ளங்கை ரேகைகளும் முன்பைவிடக் கருத்திருக்கின்றனவா? வெயிலில் கருத்தது என்று எல்லோரும் விட்டுவிடும் அடையாளம் அது.

சர்க்கரையாலும் கால் மரக்கும், பி12 குறைவாலும் மரக்கும், இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். சர்க்கரையால் வருவது பெரும்பாலும் பாதத்தில் தொடங்கி வருடக்கணக்கில் மெதுவாக மேலேறும். மரப்பு குறைவாகவும் தள்ளாட்டம் அதிகமாகவும் இருந்தால், கையும் காலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் மரத்தால், நாக்கெரிச்சலோ மறதியோ சேர்ந்து வந்தால், சர்க்கரை மேல் மட்டும் பழி போட்டு நிறுத்தக் கூடாது.

வயசா, சத்துக் குறைவா என்று கேட்டீர்கள். நான் குடும்பத்தாரிடம் கேட்பது ஒன்றுதான்: போன தீபாவளிக்கு இவர் இப்படி இருந்தாரா? வயசு மெதுவாகத்தான் தேய்க்கும். சில மாதங்களில் ஒருவர் நடை மாறி, குணம் மாறி, சாப்பாடு மாறினால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது, தேட வேண்டும்.

டெஸ்ட் விஷயம். ரத்தத்தில் பி12 அளவு, முழு ரத்த எண்ணிக்கை, அதில் எம்.சி.வி. என்று ஒரு வரி வரும், சிவப்பணுவின் சராசரி அளவு. அது 100-க்கு மேல் போனால் அணுக்கள் பெருத்திருக்கின்றன என்று பொருள். பி12 பொதுவாக மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. 200 முதல் 300 வரை சந்தேக எல்லை, அங்கே டாக்டர் மெத்தில்மலோனிக் அமிலம் என்ற இன்னொரு டெஸ்ட் கேட்கலாம். ரத்தசோகையே இல்லாமல் நரம்பு மட்டும் பாதிக்கப்படுவதும் உண்டு. அதனால் "ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறது, பிரச்சினை இல்லை" என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பி வராதீர்கள்.

கூடுமானவரை ஊசியோ மாத்திரையோ ஆரம்பிக்கும் முன்பே ரத்தம் எடுத்துவிடுங்கள். சத்து மாத்திரை போட்ட பிறகு எடுத்தால் எண் ஏறி, உள்ளே இருக்கும் குறை மறைந்துவிடலாம்.

மருந்துக்கடைக்காரன்:

சிஸ்டர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் அப்பா போடும் இரண்டு மாத்திரைகளையும் கவனியுங்கள்.

சாப்பாட்டில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். அதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். பிறகு இரைப்பை சுரக்கும் இன்னொரு பொருளோடு சேர்ந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உடம்புக்குள் போகும். பாண்டோபிரசோல், ஒமெப்ரசோல் வகை மாத்திரைகள் அமிலத்தையே குறைக்கின்றன. மெட்ஃபார்மின் சிறுகுடலின் கடைசியில் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. வயதானவர்களுக்கு இரைப்பையின் உட்படலம் மெலிந்து அமிலம் ஏற்கெனவே குறைந்திருக்கும். இதோடு சைவமும் சேர்ந்தால் நான்கு பக்கமும் வழி அடைபட்டது போலத்தான்.

மெட்ஃபார்மினை யாரும் தாமாக நிறுத்த வேண்டாம், அது நல்ல மருந்து. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் சொன்னதும் அதுதான்: மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கு அறிகுறி தெரிந்தால் பி12 பாருங்கள், ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு அவ்வப்போது பாருங்கள். நம்மூரில் வருடா வருடம் சர்க்கரை, உப்பு, கொழுப்பு எல்லாம் பார்க்கிறோம், இதை மட்டும் விட்டுவிடுகிறோம். நெஞ்செரிச்சல் மாத்திரை விஷயம் வேறு. அது இன்னும் தேவையா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். என் கவுண்டருக்கு வரும் பழைய சீட்டுகளில், தேவை முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரைகளில் இதுதான் முதலிடம்.

வேறு மருந்துகளும் சத்தை இழுக்கும். கால் வீக்கத்துக்கும் இதயத்துக்கும் தரும் லாசிக்ஸ் போன்ற நீர் மாத்திரைகள் பொட்டாசியம், மக்னீசியத்தோடு பி1-ஐயும் சிறுநீரில் வெளியேற்றும். காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட் பி6-ஐக் குறைக்கும், அதனால்தான் கூடவே பி6 மாத்திரையான பைரிடாக்சின் தருகிறார்கள். வலிப்புக்கான பெனிடாயின் நீண்ட நாள் போட்டால் வைட்டமின் டி-யும் ஃபோலேட்டும் குறையும்.

"சத்து மாத்திரை ஒரு அட்டை கொடுங்க" என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்டையின் பின்பக்கம் படியுங்கள். ஃபோலிக் அமிலம் நிறைய, பி12 கொஞ்சம் என்று இருக்கும் மாத்திரை பி12 குறைந்தவருக்கு நல்லதல்ல. ஃபோலிக் அமிலம் ரத்தசோகையைச் சரி செய்து ரிப்போர்ட்டை அழகாக்கிவிடும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

முடி உதிர்வுக்கு என்று பயோட்டின் போடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். தைராய்டு ரிப்போர்ட்டையே தலைகீழாகக் காட்டக்கூடியது அது.

பாட்டி வீட்டுச் சமையல்:

இதற்கெல்லாம் ஊசி எதற்கு? பழைய சோற்றிலேயே பி12 இருக்கிறது என்று படித்தேன். தினமும் காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும், வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை. நம் பாட்டிமார் அப்படித்தானே திடமாக இருந்தார்கள்?

பழைய ஸ்டாஃப் நர்ஸ்:

பழைய சோறு எனக்கும் பிடிக்கும், வயிற்றுக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் பி12-க்கு அதை நம்ப முடியாதும்மா. புளிக்கும்போது பாக்டீரியா கொஞ்சம் உண்டாக்கினாலும் நம்பி இருக்கும் அளவுக்கு அது நிலையாகக் கிடைப்பதில்லை. செடிகளில் பி12 கிடையாது, முருங்கையிலும் இல்லை. முருங்கைக்கீரையில் ஃபோலேட், கால்சியம், வைட்டமின் ஏ ஆவதற்கான பொருள் எல்லாம் நிறைய உண்டு, அதற்காகச் சாப்பிடலாம்.

பி12 வருவது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி, ஈரல் ஆகியவற்றிலிருந்து. பெரிய டம்ளர் பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம் கிடைக்கும், ஒரு நாளைக்கு வேண்டியது 2-க்குச் சற்று மேல். மத்தி மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு சிறு பங்கே போதும். சைவர்கள் பாலும் தயிரும் ஒழுங்காக எடுத்தால் ஓரளவு ஓடும். ஆனால் வயதானவர்கள் பாலைத் தண்ணீர் கலந்து காப்பிக்கு மட்டும் ஊற்றுகிறார்கள், தயிரை நீர்மோராக்கிவிடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் பாதிகூட வராது.

பாட்டிமார் திடமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அவர்கள் காலத்தில் மெட்ஃபார்மினும் பாண்டோபிரசோலும் இல்லை. பலருக்குக் கறவை மாடு வீட்டிலேயே இருந்தது. அப்புறம், திடமாக இல்லாத பாட்டிமாரும் இருந்தார்கள். "வாதம் வந்து படுத்துட்டா" என்ற ஒரு வரியில் அவர்கள் கதை முடிந்துபோனது. கல்லீரலில் பி12 சேமிப்பு வருடக்கணக்கில் தாங்கும். அதனால் குறைவு ஆரம்பிப்பதற்கும் அறிகுறி தெரிவதற்கும் நடுவே நீண்ட இடைவெளி இருக்கிறது, சாப்பாட்டோடு யாரும் அதைத் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை.

பாட்டி வீட்டுச் சமையல்:

சரி சிஸ்டர், புரிகிறது. எங்கள் மாமனாரும் மெட்ஃபார்மின்தான் போடுகிறார். அவருக்கும் கேட்டு எடுத்துவிடுகிறேன்.

கொங்கு மேட்டுக்காரன்:

என் அனுபவம் இரும்புச் சத்து பற்றியது. அம்மா தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தார். கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது, படபடப்பு. போகும்போதெல்லாம் மடியில் பச்சரிசியை வைத்து மென்றுகொண்டே இருப்பார். சிறு வயதுப் பழக்கம் என்று நினைத்தோம். ரத்தம் குறைவு என்று ஒரு கிளினிக்கில் இரும்பு மாத்திரை தந்தார்கள். ஏறும், நிறுத்தினால் மறுபடி இறங்கும். வேறொரு டாக்டர்தான் "வயசான அம்மாவுக்கு ரத்தம் எங்கே போகுது?" என்று கேட்டார். முட்டி வலிக்குக் கடையில் வாங்கிப் போட்ட வலி மாத்திரையால் இரைப்பையில் புண், அங்கிருந்து தினமும் கசிந்திருக்கிறது. எண்டோஸ்கோபியில் தெரிந்தது. அந்த மாத்திரையை நிறுத்தி, புண்ணுக்கு மருந்து கொடுத்த பிறகுதான் ரத்தம் நிலையாக நின்றது.

பழைய ஸ்டாஃப் நர்ஸ்:

கொங்குக்காரர் எழுதியதை எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள். வளரும் பிள்ளைக்கு, மாதவிலக்கு வரும் பெண்ணுக்கு இரும்பு குறைந்தால் காரணம் ஓரளவு தெரியும். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ வயதான ஆணுக்கோ இரும்பு குறைந்தால் சாப்பாட்டைக் குறை சொல்லும் முன் ரத்தக் கசிவைத் தேட வேண்டும். இரைப்பைப் புண், மூலம், ஆஸ்பிரின், வலி மாத்திரை, பெருங்குடல் புற்று எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. புற்று முதலில் வெறும் சோர்வாகத்தான் காட்டும். மாத்திரையால் ரத்த அளவை மட்டும் ஏற்றிவிட்டால் அது மறைந்து வளரும்.

அடையாளங்கள்: கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள், சிவப்பு வெளிறியிருக்கும். நம் தோல் நிறத்தில் முகத்தைப் பார்த்து வெளிறலைச் சொல்ல முடியாது. இமை, நாக்கு, உள்ளங்கை ரேகை இவைதான் இடம். நகம் குழிந்து கரண்டிபோல் ஆகும், சுலபமாக உடையும். பச்சரிசி, சாம்பல், மண், ஐஸ் எதையாவது தின்னும் ஆசை வரும். படுத்தால் கால் குறுகுறுத்து நிலைகொள்ளாது. மலம் தார்போலக் கருத்து, பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு போனால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். இரும்பு மாத்திரையாலும் மலம் கருக்கும் என்பதால் போடும் மாத்திரையைச் சொல்லிவிடுங்கள்.

சாப்பிட்ட உடனே காப்பி, டீ குடிக்கும் பழக்கம் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பைச் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம். எலுமிச்சை, நெல்லி, கொய்யா கூடச் சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

ரேஷன் கார்டு:

ரேஷன் அரிசியில் மஞ்சளாக, தண்ணீரில் மிதக்கிற சில அரிசி வருகிறதே, பிளாஸ்டிக் என்று சொல்லி எங்கள் அத்தை பொறுக்கி எறிகிறார். அது என்ன?

மருந்துக்கடைக்காரன்:

அத்தையிடம் சொல்லுங்கள், அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து, மறுபடி அரிசி வடிவத்தில் அழுத்திச் செய்தது. செறிவூட்டப்பட்ட அரிசி என்று பெயர். நூறு பங்கு சாதா அரிசிக்கு ஒரு பங்கு என்று கலக்கிறார்கள். ஒரு கிலோ கலவையில் இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம், பி12 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பொறுக்கி எறிந்தால் சத்து மொத்தமும் குப்பைக்குப் போகும். அதே நேரம், ஒரு பெரியவர் ஒரு நாளில் சாப்பிடும் அரிசியில் வரும் பி12 கொஞ்சம்தான். ஏற்கெனவே குறைந்தவருக்கு அது சிகிச்சை ஆகாது.

ஸ்கார்பரோ நிலா:

நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கனடாவில் இருக்கிறோம். அம்மம்மாவுக்கு 80 கடந்துவிட்டது. போன குளிர்காலம் முடியிற நேரம் கதிரையில் இருந்து எழும்பவே ஏலாமல் போய்விட்டது. இரண்டு கையையும் ஊன்றித்தான் எழும்புவா. தொடையும் இடுப்பும் நோகுது என்று சொல்லிக்கொண்டே இருந்தா. வாதம் என்று எண்ணெய் பூசிக்கொண்டிருந்தோம். குடும்ப வைத்தியர் ரத்தம் எடுத்துப் பார்த்தால் வைட்டமின் டி மிகவும் குறைவு. இங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெளியே போனாலும் வெயிலில் அந்தச் சக்தி இல்லை. அம்மம்மா வெளியே போறதும் இல்லை. இங்கே பசுப்பாலில் சட்டப்படி வைட்டமின் டி சேர்க்கிறார்கள், அவவுக்கோ அந்தப் பால் பிடிக்காது. 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் தினம் 400 அலகு எடுக்கச் சொல்லி அரசாங்கமே சொல்லுகிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. இப்போது வைத்தியர் சொன்ன அளவில் எடுக்கிறா, எழும்பி நடக்கிறா.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லைத்தானே?

பழைய ஸ்டாஃப் நர்ஸ்:

உண்டும்மா, வெயில் கொளுத்தும் தமிழ்நாட்டிலேயே நிறைய உண்டு. பெரியவர்கள் வீட்டுக்குள்ளே இருக்கிறார்கள். வெளியே போனால் முழுக்க மூடிக்கொண்டு போகிறார்கள். கருத்த தோலுக்கு அதே அளவு டி உண்டாக்க அதிக நேரம் வேண்டும். வயதான தோலின் திறன் இளம் வயதில் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விடும்.

காலை இளவெயில்தான் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நடைக்கு அது நல்லது. ஆனால் டி உண்டாக்கும் கதிர் அந்த நேரத்தில் மிகக் குறைவு. சூரியன் உயர ஏறிய பிறகுதான், ஏறக்குறைய பத்து மணிக்கு மேல்தான் அது வரும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழுகிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களை அந்த வெயிலில் நீண்ட நேரம் உட்கார வைக்கச் சொல்லவில்லை. கை, கால், முதுகில் சற்று நேரம் பட்டால் போதும், வெயில் தாக்கி மயங்கிவிடக் கூடாது. நடமாட முடியாதவர்களுக்கு மருந்துதான் வழி.

எழுந்திருக்க முடியாமை, படி ஏற முடியாமை, வாத்தைப் போல ஆடி ஆடி நடப்பது, எலும்பை அழுத்தினால் வலி, அடிக்கடி விழுவது: இவை டி குறைவின் அடையாளம்.

மாடித் தோட்டம்:

டி பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். என் பெரியம்மாவுக்கு 60,000 அலகு பாக்கெட் வாரம் ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். பாலில் கலந்து குடிக்கிறார். உடம்பு லேசாக இருக்கிறது என்று ஒரு வருடத்துக்கு மேலாக விடாமல் தொடர்கிறார். இப்போது மலச்சிக்கல், தாகம், சாப்பாடு பிடிக்கவில்லை, கொஞ்சம் குழப்பமாகப் பேசுகிறார்.

மருந்துக்கடைக்காரன்:

உடனே நிறுத்திவிட்டு இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், வைட்டமின் டி மூன்றும் பார்க்க வேண்டும். வாரம் ஒரு பாக்கெட் என்பது பெரும்பாலும் எட்டு வாரம் போல ஒரு கெடுவுக்குத்தான். பிறகு அளவைக் குறைப்பார்கள். கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் மிச்சமானது சிறுநீரில் போகாது, உடம்பில் சேரும். கால்சியம் ஏறினால் நீங்கள் எழுதியிருக்கும் அத்தனையும் வரும், சிறுநீரகமும் கெடும். கால்சியம் மாத்திரையும் கூடவே போடுகிறாரா என்று பாருங்கள்.

இதைக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் போகிறார்கள் என்பது எனக்கு உறுத்தலான விஷயம்.

மாடித் தோட்டம்:

கால்சியமும் போடுகிறார். கிளம்புகிறோம். நன்றி அண்ணா.

குன்னூர் வாத்தியார்:

எங்கள் ஊர் சம்பந்தப்பட்டது என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். 1918-ல் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு கூடம் தொடங்கினார்கள். ராபர்ட் மெக்காரிசன் நடத்தினார். அதுதான் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. பெரிபெரி என்பது பி1 குறைவு. நெல்லை அவித்துக் குத்தும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடும். அதனால் புழுங்கல் அரிசி சாப்பிட்ட நம் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பித்தன.

பழைய கதை என்று விட்டுவிட முடியவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், தினமும் குடிப்பவர், சாப்பாடு குறைவு. திடீரென்று நடை தள்ளாடி, கண் ஒரு பக்கம் திரும்பாமல், சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். போதை என்று திண்ணையில் படுக்க வைத்துவிட்டார்கள். குடிக்காத நேரத்திலும் அப்படியே இருந்ததால் மகன் தூக்கிக்கொண்டு ஓடினார். பி1 ஊசி போட்டுத்தான் மீட்டார்கள்.

பழைய ஸ்டாஃப் நர்ஸ்:

ஆமாம் சார், அது அவசரம். மணி நேரக் கணக்கு. அப்படிப்பட்டவருக்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன் பி1 கொடுக்க வேண்டும் என்பது வார்டில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடங்களில் ஒன்று. குடிக்காதவர்களுக்கும் நாள்கணக்காக வாந்தி இருந்தால் இது வரலாம்.

குழப்பம் பற்றிப் பேச்சு வந்ததால்: ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குழம்பினால் வைட்டமின் என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம், முக்கியமாக பிரஷருக்கு நீர் மாத்திரை போட்டு உப்பையும் அறவே குறைத்தவர்களுக்கு. கிருமித் தொற்றாகவும் இருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். நேரே மருத்துவமனைதான். மெல்ல மெல்ல வரும் மந்தத்துக்குத் தைராய்டும் பார்க்க வேண்டும்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தோம். பி12 138. எம்.சி.வி. 106. ஹீமோகுளோபின் 10.8. சிஸ்டர் சொன்ன பிறகு கையைப் பார்த்தேன், விரல் முட்டிகள் நிஜமாகவே கருத்திருக்கின்றன. தஞ்சாவூரில் ஒரு பொது மருத்துவரைப் பார்த்தோம். காலில் இசைக்கவையை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று சோதித்தார், கணுக்கால் வரை அப்பாவுக்குத் தெரியவில்லை. ஊசி ஆரம்பித்திருக்கிறார். எவ்வளவு நாளில் சரியாகும்? முழுக்கச் சரியாகுமா? வாழ்நாள் முழுக்க ஊசியா?

பழைய ஸ்டாஃப் நர்ஸ்:

நேரத்தில் பார்த்துவிட்டீர்கள் தம்பி. முதலில் நாக்கெரிச்சல் குறையும், பசி வரும், உற்சாகம் தெரியும். ரத்தம் வாரக்கணக்கில் ஏறும். நரம்புக்கு மாதங்கள் ஆகும். ஆரம்பத்தில் மரப்பு மாறி ஊசி குத்துவதுபோலக் கொஞ்சம் கூடுதலாகவும் தெரியலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எவ்வளவு திரும்புகிறதோ அதுதான் பெரும்பாலும் நிலைக்கும். மறதி எவ்வளவு தெளியும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

ஊசிதான் என்பதில்லை. நிறைய அளவில், 1000 மைக்ரோகிராம் மாத்திரை தினமும் போட்டால், உறிஞ்சும் வழி அடைபட்டிருந்தாலும் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு தானாகக் குடலுக்குள் இறங்கும், அதுவே தேவைக்குப் போதும். ஆனால் நரம்பு பாதித்தவருக்கு ஆரம்பத்தில் ஊசிதான் வழக்கம். அப்புறம் மாத்திரைக்கு மாற்றலாமா என்பதை டாக்டர் சொல்வார். மெட்ஃபார்மின் தொடரும் வரை ஏதோ ஒரு வடிவில் இதுவும் தொடர வேண்டியிருக்கும்.

அதுவரை ராத்திரியில் பாத்ரூம் வழியில் விளக்கு எரியட்டும். வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுங்கள். பாதத்தில் புண் இருக்கிறதா என்று அம்மா தினமும் பார்க்கட்டும், அவருக்கு வலி தெரியாது.

நடை பழக்குபவர்:

நான் பிசியோதெரபிஸ்ட். இவ்வளவு நேரம் யாரும் தொடாதது புரதம். என்னிடம் வரும் பெரியவர்களில் பலருக்கு வைட்டமினைவிட இதுதான் பெரிய ஓட்டை. காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி பால் பிஸ்கட். பல் இல்லை என்பதால் சுண்டல் போச்சு, கறி போச்சு, பழமும் போச்சு. பழமும் பச்சைக் காய்கறியும் அறவே நின்று, ஈறில் ரத்தமும் தொடையில் காரணமில்லாத ரத்தக்கட்டும் வந்தால் வைட்டமின் சி-யை நினையுங்கள். அந்தக் குறைவால் வரும் ஸ்கர்வி நோய் இந்தக் காலத்திலும் தனியாக வாழும் பெரியவர்களுக்கு வருகிறது.

வீட்டில் செய்யக்கூடியவை சில. வளையல் நழுவுகிறதா, வேட்டிக்கு மேல் பெல்ட் இன்னொரு ஓட்டைக்குப் போயிருக்கிறதா பாருங்கள். ஆறு மாதத்தில் எடையில் இருபதில் ஒரு பங்கு தானாகக் குறைந்தால், 60 கிலோ ஆள் 57 ஆனால், அது கவனிக்க வேண்டிய இறக்கம். கெண்டைக்காலின் பருத்த இடத்தை டேப்பால் அளந்து 31 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் தசை கரைகிறது என்று சந்தேகப்படலாம். கால் வீங்கியிருந்தால் இந்த அளவு ஏமாற்றும்.

ஒரு கிலோ உடல் எடைக்குத் தினம் ஒரு கிராமாவது புரதம் வேண்டும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு. முட்டை ஒன்றில் 6 கிராம். கெட்டியான பருப்பு ஒரு கிண்ணத்தில் 7, 8. வேகவைத்து மசித்த கொண்டைக்கடலை, பாசிப்பயறு கஞ்சி, தயிர், மசித்த மீன், இப்படி மெல்லத் தேவையில்லாத வடிவத்தில் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். பல்செட் ஆடினால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். கடைவாய் வெடிப்பை எல்லோரும் பி2 குறைவு என்கிறார்கள். பெரியவர்களுக்கு அது பல நேரம் பொருந்தாத பல்செட்டால் எச்சில் தேங்கி வரும் பூஞ்சை.

ரேஷன் கார்டு:

சென்னையில் பெரியவர்களுக்கென்றே பார்க்கும் இடம் அரசாங்கத்தில் இருக்கிறதா? அத்தையைத் தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வசதி இல்லை.

பழைய ஸ்டாஃப் நர்ஸ்:

கிண்டியில் கிங் நிலைய வளாகத்தில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறந்திருக்கிறார்கள். அரசினர் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவு ரொம்பக் காலமாகவே இருக்கிறது. போகும்போது அத்தை போடும் எல்லா மாத்திரையையும், நாட்டு மருந்து, லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவராக இருந்தால் கீரையை திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். தைராய்டு மாத்திரை போடுகிறவர் என்றால் இரும்பும் கால்சியமும் அதற்கு நான்கு மணி நேரம் தள்ளித்தான்.